முப்பந்தல்ல ஒரு டீ, ஒரு கேள்வி

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல திருநெல்வேலி பஸ் ஏறுங்க. எண்ட் டு எண்ட் வேணாம், அது வழியில நிக்காது. ஜூலை மாசம்னா ரொம்ப நல்லது. தோவாளை வரைக்கும் எல்லாம் நார்மல்தான்... வயல், குளம், பூ மார்க்கெட் வாசம். ஆரல்வாய்மொழி நெருங்கினதும் பக்கத்து சீட் அக்கா ஷட்டரை இறக்கச் சொல்லுவாங்க. வாதம் பண்ணாம இறக்கிடுங்க!

முப்பந்தல்ல இறங்கினா, காத்து சட்டையைப் பிடிச்சு இழுக்கும். ரோட்டோரம் இசக்கியம்மன் கோயில். போற வர்ற வண்டியெல்லாம் நின்னு கும்பிட்டுட்டுப் போகும். ஒருத்தர் கற்பூரம் ஏத்த, சுத்தி நாலு பேர் கையை வச்சு மறைச்சும் அது அணைஞ்சிடுச்சு. மூணாவது தடவைதான் ஜெயிச்சாங்க. நிமிர்ந்து பார்த்தா மலையடிவாரம் வரைக்கும் காத்தாடி. காற்றாலைன்னு இங்க யாரும் சொல்றதில்லை. இந்த வட்டாரத்துல மட்டும் சுமார் 1,500 மெகாவாட்டுக்கு நட்டு வச்சிருக்காங்க.

டீக்கடை அண்ணாச்சி என் காலேஜ் பேக்கைப் பார்த்துட்டு வம்புக்கு வந்தார். “எஞ்சினீயருக்குப் படிக்கியளோ? இந்தக் காத்து எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பாஸான ஆளாச்சே நான்? “கடல் காத்து அண்ணாச்சி. பகல்ல தரை சீக்கிரம் சூடாகும். சூடான காத்து மேல போகும். அந்த இடத்துக்குக் கடல்லேருந்து குளிர்ந்த காத்து வரும்.”

“அப்ப ராத்திரி திரும்பி அடிக்கணும்லா? இங்க ராத்திரியும் இதே பக்கம்தான அடிக்கி.”

அவுட்! டீயும் ஆறிடுச்சு.

ஹாஸ்டலுக்கு வந்து புக்கைப் புரட்டினப்பதான் தெரிஞ்சது, நான் சொன்ன தியரி சரி, அளவுதான் தப்பு. தரையும் கடலும் ஆடுற அதே ஆட்டத்தை ஒரு நாளுக்குப் பதிலா ஒரு சீசன் முழுக்க, ஒரு ஊருக்குப் பதிலா ஒரு சமுத்திரம் முழுக்க ஆடினா அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. ஏப்ரல், மே வெயில்ல ராஜஸ்தான், பாகிஸ்தான் பக்கம் தரை கொதிக்குது. அங்க காத்து லேசாகி மேல போக, அழுத்தம் குறையுது. அதே நேரம் மடகாஸ்கருக்குக் கிழக்கே, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல குளிர்காலம். அங்க அழுத்தம் அதிகம். ரெண்டுக்கும் வித்தியாசம் நூத்துக்குச் சுமார் மூணு பங்குதான். அந்த மூணு பங்கை ஈடுகட்டத்தான் காத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருது. பூமத்திய ரேகையைத் தாண்டினதும் பூமியோட சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிட, நமக்குத் தென்மேற்குலேருந்து வந்து சேருது.

வந்த காத்தை மேற்குத்தொடர்ச்சி மலை மறிக்குது. பக்கத்துல நிக்கிற மகேந்திரகிரியே 1,600 மீட்டருக்கு மேல. அதுக்குக் கிடைச்ச சந்து இந்த ஆரல்வாய்மொழி கணவாய். தண்ணி ட்யூப் வாயைக் கட்டைவிரலால அழுத்தினா பீச்சி அடிக்குமே, அதே கதை. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி நாலு மடங்கு இல்லை, எட்டு மடங்கு! எக்ஸாம்ல v க்யூப்னு எழுதிட்டு ரெண்டு மார்க் வாங்கினதோட மறந்துட்டேன். இவ்வளவு காத்தாடியும் இங்க வந்து நிக்கிறது அந்த க்யூபுக்காகத்தான்.

அடுத்த வாரமே திரும்பப் போனேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்ட அண்ணாச்சி அடுத்த பந்தை வீசினார்.

“சரி மக்கா. இந்தக் காத்தாடிய நட்ட பொறவு மழை கொறஞ்சு போச்சே, அது ஏன்? இது மேகத்தை விரட்டுகுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ.”

சிரிக்காதீங்க. கிணறு வத்தினவங்க பேசுற பேச்சு அது. மேகம் மழையாகணும்னா காத்து மேல ஏறிக் குளிரணும். மலையில மோதி ஏறுற இடத்துல, அதாவது மேற்குப் பக்கம் மழை கொட்டுது. கணவாய்ல காத்துக்கு ஏற வேண்டிய வேலையே இல்லை, நேரா ஓடிடுது. அதனால தோவாளையில நெல்லு, காவல்கிணறு பக்கம் பனைமரம். இந்தப் பக்கத்துக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவத்துலதான். அப்போ காத்து குறைஞ்சு பாதிக் காத்தாடி சும்மா நிக்கும். சுத்துறப்ப மழை இல்லை, மழை வர்றப்ப சுத்துறதில்லை... பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் வராம என்ன செய்யும்?

“அப்ப இந்தக் கணவாயை அடைச்சுட்டா மழை பேயுமோ?”

“பெய்யும் அண்ணாச்சி, தோவாளைப் பக்கம். உங்களுக்குக் காத்தும் போயிடும்.”

கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார்.

“அப்படின்னா தொறந்தே கெடக்கட்டு. டீ குடிங்க, ஆறிடும்.”