திவார் தீவில் ஓர் அடுப்படி

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, புனித சவேரியாரின் திருவுடல் பழைய கோவாவிலுள்ள நல்லியேசு பேராலயத்தினின்று, எதிரே அமைந்த புனித கத்தரீனம்மாள் தலைமைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, இறைமக்களின் வணக்கத்திற்கு வைக்கப்படுகிறது. 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை அவ்வாறு வைக்கப்பட்டபோது, நம் பங்கிலிருந்து 32 பேர் திருப்பயணம் மேற்கொண்டோம். 1542-இல் கோவாவில் வந்திறங்கி, சில திங்களிலேயே முத்துக்குளித்துறைக்கு விரைந்து, தமிழிலேயே செபங்களைக் கற்பித்த அப்புனிதரைக் காணத் தமிழ் மக்கள் திரள்திரளாய்ச் செல்வதில் வியப்பில்லை. அக்காட்சியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கு எழுதப் புகுவது ஒரு சமையலறையைப் பற்றி. வாசகர்கள் முகஞ்சுளிக்காது இறுதிவரை படிக்க வேண்டுகிறோம்.

ஹூப்பள்ளி வழியாகச் செல்லும் இருப்புப் பாதை மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இறங்குகையில், தூத்சாகர் அருவியின் நடுவிலேயே ஒரு பாலத்தின்மேல் வண்டி கடக்கிறது. மார்கழியின் நெருக்கத்தில் நீர் மெலிந்திருந்தது. ஆயினும் பெயருக்கேற்பப் பாலாய் வழிந்தது. அதன்பின் வந்தவை தென்னந்தோப்புகள், செம்மண், வெள்ளைக் கோயில்கள். நம்மவர் பலர் சன்னலோரம் எழுந்து நின்று, "நாஞ்சில் நாடு போலவே இருக்கிறதே!" என்றனர்.

பழைய கோவாவில் வழிபாடு முடிந்த பின், குழுவினரை உபதேசியாரின் பொறுப்பில் விடுதியில் விட்டு, நாம் நால்வரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு மாண்டவி ஆற்றைப் படகில் கடந்தோம். அக்கரையில் உள்ளது திவார் தீவு. நம்மோடு குருமடத்தில் பயின்ற ஒரு குருவின் தமக்கையார் அங்கு வாழ்கிறார். ஓரிரவேனும் தம் இல்லத்தில் தங்க வேண்டும் என்று பல்லாண்டுகளாக அழைத்து வந்தவர். உடன் வந்த நால்வருள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், நம் கோயிற்பிள்ளையும் அவர் மனைவியும், மூட்டை முடிச்சுகளைக் கவனித்துக்கொள்ள ஓர் இளைஞரும் இருந்தனர். அவ்விளைஞரைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

திவாரில் வயல்கள் ஆற்று மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கின்றன. வரப்புகளும் மதகுகளும் உவர்நீரைத் தடுத்து நிற்கின்றன. ஊரின் குன்றின்மேல் இரக்கத்தின் அன்னை கோயில் வெண்மையாய் எழுந்து நிற்கிறது. அம்மையாரின் வீடு அக்குன்றின் அடியில் இருந்தது. சிவப்பு ஓடு, முகப்பில் இருபுறமும் கல்லிருக்கை அமைந்த திண்ணை, கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகள் பதித்த பழைய சன்னல்கள். அவற்றின் வழியே மாலை ஒளி பால் கலந்த தேநீரின் நிறத்தில் உள்ளே வீழ்ந்தது.

"நாளை ஞாயிறு. திருப்பலிக்குப் பின் விருந்து. அதற்கான வேலை இன்றிரவே தொடங்க வேண்டும்" என்று கூறி, அம்மையார் நம்மைச் சமையலறைக்கே அழைத்துச் சென்றார். மேசையின்மேல் ஒரு தாம்பாளத்தில் பன்றியின் விலாத் துண்டுகள் இருந்தன. எலும்போடு கூடியவை, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத் தடிமன், ஓரத்தில் விரற்கடை கொழுப்பு. நம் கறிக்கடைகளில் ஆட்டிறைச்சிக்குச் 'சாப்ஸ்' என்போமே, அதே வெட்டு.

ஒரு கிலோ இறைச்சிக்கு அவர் எடுத்த பொருள்கள் இவை: நிறம் மிகுந்து காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய் 10, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு 10, கிராம்பு 6, பட்டை ஓர் அங்குலம், இஞ்சி ஓர் அங்குலம், பூண்டு ஒரு முழுக் குமிழ், மஞ்சள் சிறிது. இவற்றை ஒரு சொட்டு நீரும் விடாது, அரைக் குவளைக் காடியிலேயே விழுதாய் அரைத்தார். காடி என்றால் கடையில் விற்கும் செயற்கைக் காடி அன்று. தென்னங்கள்ளைப் பல நாள் புளிக்க வைத்து வீட்டிலேயே எடுத்தது. உப்பும் விழுதும் பூசிய துண்டுகளை ஒரு மட்பாண்டத்தில் அடுக்கி மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தார். "செம்பிலும் அலுமினியத்திலும் வைக்கலாகாது. காடி பாத்திரத்தை அரித்துவிடும்" என்றார்.

இவ்வூறல் முறை போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. திராட்சை இரசத்திலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைப்பது அவர்கள் வழக்கம். அவர்தம் மதெய்ரா தீவில் கிறிஸ்து பிறப்புக் காலத்து உணவு அது. கோவாவில் திராட்சை இரசத்திற்கு எங்கே போவது? தென்னை அக்குறையைத் தீர்த்தது. அமெரிக்கக் கண்டத்தினின்று அவர்கள் கொணர்ந்த மிளகாயும், கிராம்பும் பட்டையும் சேர்ந்தன. 'விஞ்ஞா தாலோஷ்' என்ற போர்த்துக்கீசியப் பெயர் மருவி 'விந்தாலு' ஆயிற்று. இறுதியில் ஒலிக்கும் 'ஆலு' உருளைக்கிழங்கு என்று எண்ணி அதனைச் சேர்ப்போர் உளர். அம்மையார் அதைக் கேட்டு நகைத்தார். அது பூண்டைக் குறித்த சொல்.

இந்நேரத்தில்தான் அது நிகழ்ந்தது. ஆசிரியர் நம் அருகே வந்து, மெல்லிய குரலில், "சாமி, இதெல்லாம் நம்ம சனம் தொடுறதில்லீங்களே" என்றார். அவர் நல்ல மனிதர். நாள்தோறும் திருப்பலி காண்பவர். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். ஆயினும் 'நம்ம சனம்' என்ற அச்சொல் அறைக்குள் இருந்த ஒருவரை வெளியே நிறுத்திவிட்டது. மூலையில் அமர்ந்து அம்மையாருக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நம் இளைஞரின் கை ஒரு கணம் நின்றது. பின் மீண்டும் உரிக்கத் தொடங்கியது.

அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. "அவர் என்ன கூறுகிறார், ஃபாதர்?" என்று ஆங்கிலத்தில் வினவினார். "பயணக் களைப்பு என்கிறார்" என்றோம். இளைஞர் தலைநிமிர்ந்து நம்மை நோக்கினார். ஒரு சொல்லும் பேசவில்லை.

வாசகர்களே, ஈண்டு ஒன்றை மறைக்காது கூற வேண்டும். நாம் இப்பங்கிற்கு வந்த முதலாண்டு, பாஸ்குப் பெருவிழா அன்று நண்பகலில், கீழைத் தெருவினின்று ஒரு சிறுவன் தூக்குச்சட்டி ஒன்றைச் சுமந்து வந்தான். அத்தெருவில் சில குடும்பங்கள் பன்றி வளர்த்துப் பிழைக்கின்றன. "அம்மா குடுத்துவிட்டாங்க சாமி" என்றான். நாம் மூடியைத் திறந்து பார்த்தோம். "வயிறு சரியில்லை, தம்பி, அம்மாவிடம் நன்றி சொல்" என்று திருப்பி அனுப்பினோம். அன்று மாலையே மேலைத் தெருவில் ஓர் இல்லத்தில் கோழிக்கறியோடு உணவருந்தினோம். ஊர் சிறியது, செய்தி எந்தத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அச்சிறுவன் வளர்ந்து இளைஞராகித் திவார் தீவின் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தூய்மை கருதி மறுத்தோம் என்று நம்மையே தேற்றிக்கொள்ள முயன்றோம். ஆனால் அச்சட்டியிலிருந்து எழுந்த ஆவி சுத்தமானது. மூடி பளபளவென்று துலக்கப்பட்டிருந்தது. நாம் மறுத்தது இறைச்சியை அன்று. அது வந்த தெருவை.

மறுநாள் திருப்பலி முடிந்து திரும்பியதும் அம்மையார் அடுப்பை மூட்டினார். மண்சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஊறிய துண்டுகளை ஒவ்வொன்றாய் இட்டு இருபுறமும் சிவக்க வைத்தார். மீந்த விழுதையும் சிறிது வெந்நீரையும் சேர்த்து மூடித் தணலைக் குறைத்தார். ஆசிரியரின் சொல்லுக்குப் பின் வாய் திறவாதிருந்த இளைஞர் அப்போது பேசினார்: "கொதிக்க விட்டா ரப்பர் மாதிரி ஆயிடும். எங்க அம்மாவும் தீயைக் குறைச்சிடுவாங்க." நாம் அதனை மொழிபெயர்த்துச் சொன்னோம். அம்மையார் அகப்பையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவர் கூறியது மெய்யே. கடுங்கொதியில் தசை சுருங்கித் தன் சாற்றை வெளியே தள்ளிவிடும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் இருந்தால் எலும்பை ஒட்டிய சவ்வும் நாரும் இளகிக் கூழாகிக் குழம்போடு கலக்கும். ஒரு மணி நேரத்திற்கும் சற்று மேலாக அச்சட்டி முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கத்தி முனை தடையின்றி இறங்கியதும், எலுமிச்சை அளவு தென்னங்கருப்பட்டியைத் தட்டிச் சேர்த்தார் அம்மையார். "முதலிலேயே போட்டால் அடிப்பிடித்துக் கசக்கும்" என்றார். பத்து நிமிடத்தில் குழம்பு தேன்போல் திரண்டு துண்டுகளின்மேல் பளபளத்தது. பன்றி இறைச்சியின் உட்புறம் சிவப்பு இன்றி முழுதும் வெந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் வெட்டிக் காட்டி உறுதி செய்துகொண்டார்.

தொட்டுக்கொள்ள 'சன்னா' என்னும் அரிசிப் பண்டம். கள் விட்டுப் புளிக்க வைத்து ஆவியில் அவித்தது. நம் இட்டிலிக்குத் தமக்கை எனலாம். மீன் குழம்பும் தனியே வைத்திருந்தார். களைப்புற்றவர்க்கு அது இலகுவாய் இருக்கும் என்றார். நம் பொய்யை அவர் நம்பினாரா, அன்றி உணர்ந்து மறைத்தாரா என்று இன்றும் நமக்கு விளங்கவில்லை.

முதல் கவளத்தில் புளிப்பு முன்னே வந்தது, அடுத்துக் காரம், அதன்பின், எதிர்பாரா இடத்தில், இனிப்பு. இறைச்சி எலும்பினின்று தானே விலகியது. நாம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டோம். ஆசிரியர் மீன் குழம்பை உண்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

வற்புறுத்தாமை பற்றியும் ஒரு சொல். திண்ணையில் அமர்ந்து அக்கரைக் கோயில்களின் உச்சிகளை நோக்கியபோது, கோவாவின் இன்னொரு வரலாறும் நினைவுக்கு வந்தது. 1560-இல் அங்கு நிறுவப்பட்ட மறைவிசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நின்றும், 1812 வரை நீடித்தது. பன்றி இறைச்சியை ஒருவர் மறுப்பது, அவர் மறைவில் யூத நெறியையோ இசுலாமிய நெறியையோ பின்பற்றுகிறார் என்பதற்கு அடையாளமாய் அம்மன்றங்களில் கொள்ளப்பட்டது. உண்ணாதவரைக் குற்றவாளியாக்கியது அக்காலம். உண்பவரைத் தாழ்ந்தவராக்குவது நம் ஊர். இரண்டிலும் இறைச்சியின்மேல் பிழையில்லை. மனிதரை அளக்கத் தட்டை முகத்தல் அளவையாக்கியதே பிழை. யோப்பா நகரில் வீட்டு மாடிமேல் பேதுரு கண்ட காட்சியை நாம் மறையுரையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். தூக்குச்சட்டி வந்த நாளில் அது நம் நினைவுக்கு வரவில்லை.

கோவாவிலும் கத்தோலிக்கரிடையே சாதிப் பிரிவுகள் இல்லாமல் இல்லை. அந்நாட்டைப் புகழ்ந்து நம்மை இகழ்வது நம் நோக்கம் அன்று. ஆயினும் அங்கே இவ்வுணவு எந்த ஒரு தெருவுக்கும் உரியதன்று. பழம்பெரும் மாளிகையிலும் மீனவர் குடிசையிலும் திருமணத்திற்கும் கிறிஸ்து பிறப்பிற்கும் அதுவே முதன்மை உணவு. ஓர் ஊரில் பெருமையாய் இருப்பது மற்றோர் ஊரில் இழிவாகுமானால், அவ்விழிவு பொருளில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது. உடல்நலம் கருதியோ விருப்பம் கருதியோ ஒருவர் உண்ணாதிருத்தல் குற்றமன்று. உண்பவரோடு ஒரே பந்தியில் அமர மறுத்தலே குற்றம்.

திரும்பும் வண்டியில் ஆசிரியர் நெடுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இளைஞரை நோக்கி, "உங்க வீட்லயும் வெல்லம் சேர்ப்பீங்களாப்பா?" என்று கேட்டார். "இல்லீங்க சார். மிளகும் சின்ன வெங்காயமும்தான்" என்றார் அவர். அவ்வளவே உரையாடல். ஆனால் அந்த இருவரும் நேருக்கு நேர் பேசி நாம் கேட்டது அதுவே முதன்முறை.

கிறிஸ்து பிறப்பு முடிந்த மூன்றாம் நாள், நாமே கீழைத் தெருவுக்குச் சென்று அவ்வில்லத்தின் வாயிலில் நின்று, "அம்மா, இன்று உங்கள் வீட்டில் சாப்பிடலாமா?" என்று கேட்டோம். அவர்கள் திகைத்தனர், பின்னர் பாயை உதறி விரித்தனர். மகன் தாயிடம் முன்பே சொல்லியிருந்தார் போலும். மிளகுக் குழம்பின் அடியில் பனங்கருப்பட்டியின் இனிப்பு மெல்லத் தெரிந்தது. துண்டுகள் திவாரில் உண்டவற்றினும் மென்மையாய் இருந்தன.

அவ்வன்னை தட்டில் இரண்டாம் முறை பரிமாறக் குனிந்தவர், அகப்பையை நிறுத்தி, புன்னகையை அடக்கிக்கொண்டு கேட்டார்: "சாமிக்கு வயிறு ஒண்ணும் பண்ணாதே?"

"அப்போதும் ஒன்றும் பண்ணவில்லை அம்மா. நாம் பொய் சொன்னோம்" என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. அகப்பை நிறைய அள்ளி வைத்தார்.