யானைமலையை வரைந்த கை

கூமாப்பட்டியில் சுவரெழுத்தும் சைன்போர்டும் எழுதிப் பிழைத்தவன் நான். கோடு பார்த்தால் கையைச் சொல்லிவிடலாம் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. வத்திராயிருப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் கிடைத்த பழைய வாழ்த்து அட்டை அந்த நம்பிக்கைக்குச் சவால் விட்டது. அட்டையில் மதுரை ஒத்தக்கடை யானைமலை. வண்ணம் இல்லை, கறுப்பு மை மட்டும். பாறையின் மடிப்பு, வயல் வரப்பு எல்லாமே மயிரிழைக் கோடுகள். பின்புறம் ஓவியர் பெயர்: மனோகர் தேவதாஸ்.

இப்படி வரைய ஒருவருக்கு எங்கிருந்து பொறுமை வந்தது? அதைத் தேடித்தான் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று வழக்கமான வழிதான். பழைய புத்தகக் கடைக்காரரிடம் அட்டையை நீட்டினேன். "அண்ணாச்சி, இவரு வரைவாருன்னு மட்டுமா நெனச்சீங்க? கதையும் எழுதியிருக்காரு" என்று 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற ஆங்கில நாவலை எடுத்துத் தந்தார். 1997-இல் வந்தது. நாற்பதுகள், ஐம்பதுகளின் மதுரையில் வளரும் பையன்களின் கதை. ஒரு பெரிய பாசனக் கிணறுதான் அவர்களுக்கு விளையாட்டுக் களம். கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய எங்கள் ஊர்க்காரனுக்கு அகராதி துணையோடு அதைப் படித்து முடிப்பது சிரமமாக இல்லை.

பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தேன். 1936-இல் பிறந்தவர். மதுரை சேதுபதி பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். வேதியியல் பட்டதாரி, சென்னையில் பேட்டரித் தொழிற்சாலை உத்தியோகம். ஓவியம் தொழிலாக இல்லை, கூடவே வந்தது. இளமை கழியும் முன்பே 'ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா' என்ற பரம்பரை விழித்திரை நோய் பிடித்தது. முதலில் இரவில் கண் தெரியாது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டே வரும். கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். அன்று அதற்கு மருந்தில்லை.

இங்கே என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. நாம் மலையை முழுதாகப் பார்த்துவிட்டு விவரத்துக்கு வருகிறோம். நோய் முற்றிய பிறகு மனோவுக்கு மலை மொத்தமாகக் கிடைக்கவில்லை. ஒரு பாறை, அடுத்த பாறை, அதற்கடுத்த மரம். துண்டு துண்டாகப் பார்த்ததை நினைவில் கோத்து, திறன் கூடிய லென்ஸை மாட்டிக்கொண்டு தாளில் இறக்கினார். கோட்டின் நெருக்கம் திறமையைக் காட்டும் வேலை இல்லை. அவருக்குத் தெரிந்த உலகமே அந்த அளவில்தான் இருந்தது.

மறுபாதி விடையின் பெயர் மஹிமா. 1972-இல் நேர்ந்த கார் விபத்தில் மனோவின் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதற்குப் பிறகு 2008-இல் இறக்கும்வரை சக்கர நாற்காலி வாழ்க்கைதான். அப்படிப்பட்டவரைப் படுக்கைப்புண் வராமல் இரவிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர்களுக்கு அது முடிவில்லாத வேலை. பார்வை குறைந்துவந்த கணவரும் அசைய முடியாத மனைவியும் சேர்ந்துதான் வாழ்த்து அட்டைகளை உருவாக்கினார்கள். படம் மனோவுடையது, படத்தை விளக்கும் எழுத்தில் மஹிமாவின் பங்கு இருந்தது. விற்ற பணம் தருமத்துக்குப் போனது. 'ட்ரீம்ஸ், சீசன்ஸ் அண்ட் ப்ராமிஸஸ்' என்ற புத்தகத்தில் இந்தக் காதலைத்தான் மனோ எழுதினார்.

தொடர்கதைகள் படித்து வளர்ந்தவன் நான். அவற்றில் தாலி கட்டியதும் 'முற்றும்' விழுந்துவிடும். மனோவின் காதல் கதையோ கல்யாணத்துக்குப் பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் வேகம் பிடிக்கிறது. அதில் பெரிய வசனம் தேவைப்படவில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்குச் செய்வது, நாளைக்கு மறுபடி செய்வது. யானைமலைக் கோடுகளும் அதே கணக்கில் விழுந்தவைதான். ஓவியத்திலிருந்து அந்தப் பொறுமை வீட்டுக்குப் போனதா, வீட்டிலிருந்து ஓவியத்துக்கு வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மஹிமா இல்லை. 2022 டிசம்பரில் மனோவும் போனார். விருதுப் பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்த அட்டைகளை ரசிப்பவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.