யாருடைய எழுத்து?

பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து தலைநகரை அடுத்த பல்கலைக் கழகத்திற்கு அந்தப் பெண் வந்து சேர்ந்தபோது, அவளிடம் இருந்தவை ஒரு துணிப்பையும், குலை வெட்டும் தொழிலாளியான தந்தை கடன் வாங்கித் தந்த சிறு தொகையுமே. கல்விக் கடன் முதல் நாளே கைக்கு வந்துவிடுவதில்லை. அந்தச் சிறு தொகை இல்லையேல் தொடக்க வாரங்கள் பட்டினியில் கழிந்திருக்கும். புதிதாகப் புகுவோர் இதனை மறத்தல் ஆகாது.

பணக்கவலையினும் அவளை வாட்டியது வேறொன்று. பள்ளிக்கு ஒருநாள் வராவிடில் ஆசிரியர் ஆளனுப்பி விசாரிப்பார். இங்கோ இருமுறை அவள் விரிவுரைக்குச் செல்லாததை ஒருவரும் வினவவில்லை. விரிவுரை மலாயில்; நூல்கள் ஆங்கிலத்தில்; இரவில் விடுதி அறையில் அவள் எண்ணி மருகியதோ தமிழில்.

ஏழாம் வாரத்தில், தோட்டத் தொழிலாளர் வாழ்வு குறித்து அவள் எழுதிய கட்டுரை மதிப்பெண் இன்றித் திரும்பியது. ஓரத்தில் ஒரே வினா: ‘இது யாருடைய எழுத்து?’

அவள் களவாட எண்ணியவள் அல்லள். நூலில் உள்ளதை ஓரெழுத்தும் பிறழாமல் எழுதுவதே சிறப்பென்று பழகியவள். மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்து எழுதி முழுப்புள்ளி பெற்ற கை அது. பல்கலைக் கழகத்தில் அதுவே குற்றம். ஒழுங்கு நடவடிக்கை வரையிலும் செல்லக்கூடிய குற்றம். பள்ளியில் பாராட்டுப் பெற்றது இங்கே பழியாகும் என்று எந்த ஆசிரியரும் அவளுக்கு முன்னரே உரைத்ததில்லை. மாணவியை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது.

விந்தை என்னவெனில், இப்பாடம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் முன்னோர் கொள்கையை மொழியுமிடத்து ‘என்ப’ என்று குறிப்பிடுகிறார். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்குமிடங்களில், அவர் கூற்றை முதலில் எடுத்துவைத்தே மறுக்கிறார். 1961இல் மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகள், தாம் 1952இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழில் அடிக்குறிப்புகளோடு கூடிய கட்டுரைகளை வெளியிட்டு வந்தார். இவற்றையெல்லாம் இலக்கண, இலக்கிய வரலாற்றுச் செய்திகளாக மட்டுமே கற்பித்தால், மாணாக்கர் தம் எழுத்துக்கும் அவை பொருந்தும் என்று எங்ஙனம் அறிவர்?

இரண்டு நாள் அவள் அறையை விட்டு வெளியேறவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிளந்தான் மலாய்ப் பெண்தான் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து, தனக்கும் முதற்பருவத்தில் இதுவே நேர்ந்ததென்றாள். விரிவுரையாளரின் அறைக்கதவில், மாணவரைச் சந்திக்கும் நேரம் எழுதி ஒட்டப்பட்டிருப்பதையும் அவளே சொன்னாள். அத்தனை வாரமும் அந்தத் தாள் அங்கேதான் இருந்தது.

விரிவுரையாளர் சினக்கவில்லை. “இந்த நூலில் உனக்கு உடன்பாடில்லாத இடம் எது?” என்று கேட்டார். அத்தகைய வினாவை அவள் வாழ்நாளில் எதிர்கொண்டதில்லை. நெடுநேரம் நின்றாள். பிறகு, குலை வெட்டுபவரின் கூலிபற்றி அந்நூல் சொல்வது தன் வீட்டுக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றாள். “அதை எழுது” என்றார் அவர்.

அன்றிரவு தந்தை தொலைபேசியில் அழைத்தார்.

“அங்க எல்லாம் நல்லா போகுதாம்மா?”

“போகுதுப்பா. அப்பா, ஒரு நாளைக்கு நீங்க எத்தன குலை வெட்டுவீங்க?”

தந்தை சிரித்தார். மழைக்காலக் கணக்கு வேறு, வெயிற்காலக் கணக்கு வேறு என்று சொல்லத் தொடங்கினார். அவள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, கீழே அவர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினாள்.