விடுதலையானவர் என்றும் சொல்லுங்கள்



பொன்மலைக்கும் பாலக்கரைக்கும் நடுவில் இருக்கும் சங்கிலியாண்டபுரத்தில்தான் எம்.கே.தியாகராஜ பாகவதரின் சமாதி இருக்கிறது. போன வாரம் டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தது. பக்கத்தில் இருந்தவர், "கொலைக் கேஸ்ல ஜெயிலுக்குப் போனவர்தானே சார்?" என்றார். அவரைத் திருத்தப் போய், என்னைப் பற்றிய ஒரு பழைய விஷயமும் நினைவுக்கு வந்துவிட்டது.

முதலில் பாகவதர். மாயவரத்தில் பிறந்தாலும் வளர்ந்தது நம் திருச்சியில். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. சிறுவனாக இருந்தபோது 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவர் ரசிக ரஞ்சனி சபாவின் எஃப்.ஜி.நடேச ஐயர். அவர் தென்னிந்திய ரயில்வே அதிகாரி. ஆக, தமிழ் சினிமாவின் முதல் பெரிய நட்சத்திரத்தை அடையாளம் கண்டவர் ஒரு ரயில்வேக்காரர். பொன்மலைக்காரர்கள் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். ஆனால் அந்த நவம்பரிலேயே 'இந்துநேசன்' பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. திரையில் அவர் பாடிக்கொண்டிருக்க, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவரோ சிறையில் இருந்தார்.

பலர் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அவர் தண்டனை முடிந்து வெளியே வந்தவர் அல்ல, குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையானவர்.

கலைவாணர் திரும்ப எழுந்துவிட்டார். பாகவதரால் முடியவில்லை. 1948இல் வந்த 'ராஜமுக்தி' எடுபடவில்லை. 'புதுவாழ்வு' படத்தைத் தானே இயக்கியும் பார்த்தார். 1959 நவம்பர் 1ஆம் தேதி காலமானார். வயது 50கூட ஆகவில்லை. 'சிவகாமி' அவர் போன பிறகுதான் வெளிவந்தது.

இனி என் விஷயம். 1986 என்று நினைவு. வகுப்பில் வசூலித்த பரீட்சைக் கட்டணத்தில் அறுபது ரூபாய் குறைந்தது. ஒரு பையன் மேல் சந்தேகப்பட்டு, எல்லார் முன்னாலும் நிறுத்தி அவன் பையைக் கொட்டச் சொன்னேன். மறுநாள் அந்தப் பணம் என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே இருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பணம் கிடைச்சிடுச்சுப்பா, போ" என்றேன். அவ்வளவுதான். எல்லார் முன்னால் கேட்ட நான், எல்லார் முன்னால் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பசங்கள் அவனை 'அறுபது' என்றே கூப்பிட்டார்கள். என் காதிலும் விழுந்தது. கண்டிக்காமல் விட்டேன்.

குற்றச்சாட்டு போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் தீர்ப்பு போய்ச் சேருவதில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் நான்தான்.

தம்பி, நீ இதைப் படித்தால், 38 வருஷமோ 40 வருஷமோ தாமதமாக, எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: நீ எடுக்கவில்லை. தவறு என்னுடையது.

நண்பர்களே, பாகவதரைப் பற்றி யாராவது ஜெயில் என்று ஆரம்பித்தால், விடுதலை என்று நீங்கள் முடித்து வையுங்கள்.