பந்தி விசாரணை யார் கையில்?



கடந்த மாதம் நம் சபையார் சேகரித்த குளிர்கால மேலங்கிகளை, ரொறொன்ரோ நகரிலுள்ள பூர்வகுடிகளின் மையம் ஒன்றில் ஒப்படைத்தோம். பொறுப்பாளரான அம்மையார் அன்புடன் பெற்றுக்கொண்டார். "வேலை தேடும் இளையோருக்கு நாங்கள் வந்து வகுப்பு எடுக்கலாமா?" என்று நான் கேட்டேன். அவர் புன்னகைத்து, "பயிற்றுநர்கள் எங்களிடமே இருக்கிறார்கள், போதகரே. உங்கள் சபையில் தொழில் நடத்துவோர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது எங்கள் பிள்ளையொன்றை வேலை பழகச் சேர்த்துக்கொள்வாரா?" என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை.

திரும்பும் வழியில் உடன் வந்த சகோதரர் மனம் திறந்தார். "ஐயா, நாங்களும் வெறுங்கையோடு வந்தவர்கள்தானே? இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தோம். இவர்களுக்கு மட்டும் அரசு ஏன் தனி நிதி ஒதுக்க வேண்டும்?" இக்கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கக்கூடும். ஆகவே இவ்வாரம் அதையே கர்த்தருடைய சமுகத்தில் வைத்துத் தியானிப்போம்.

இந்நாட்டில் நமக்குக் கல்வி ஏணியாக அமைந்தது. பூர்வகுடிகளுக்கோ அதுவே கண்ணியாக வைக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டப்படி, பட்டம் பெற்ற, வழக்கறிஞரான, அல்லது என்னைப்போல் சுவிசேஷ ஊழியரான ஒருவர், தம் இனத்தாருக்குரிய சட்ட அந்தஸ்தைத் தாமாகவே இழந்தவராகக் கருதப்பட்டார். சில ஆண்டுகளில் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதன் பின்னிருந்த எண்ணம் தளரவில்லை. வதிவிடப் பள்ளிகளுக்குள் 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பல பள்ளிகளில் பாதி நாள் பாடம், மீதி நாள் வயலிலும் சலவையறையிலும் உழைப்பு. அதையும் தொழிற்பயிற்சி என்றே அழைத்தார்கள். அப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகள். நாம் தொழுகிற அதே நாமத்தில் அது நடந்தது என்று எழுதும்போது என் தலை தாழ்கிறது.

ஆகவே பயிற்சிக்குப் பணம் உண்டா என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் அம்மக்களுக்கு முக்கியமாகிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவில் ஏறத்தாழ 18 இலட்சம் பூர்வகுடிகள் உள்ளனர். அவர்களில் சுமார் 8 இலட்சம் பேர் பெருநகரங்களில் வாழ்கிறார்கள். 1999இல் அரசு, வேலைப்பயிற்சி நிதியைப் பூர்வகுடி அமைப்புகளே நிர்வகிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டமே. ஆனால் ரிசர்வ் எனப்படும் ஒதுக்கு நிலங்களைச் சார்ந்த சமூகங்களுக்குக் கிடைத்த அந்த உரிமை, ரொறொன்ரோ, வின்னிபெக் போன்ற நகரங்களில் வாழ்ந்தோருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மிஸ்குவாடிஸ் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், 2002இல் கூட்டாட்சி நீதிமன்றமும், 2003இல் அதன் மேன்முறையீட்டு நீதிமன்றமும், இது சமத்துவ உரிமையை மீறும் பாகுபாடு எனத் தீர்த்தன. 2019இல் தொடங்கிய இன்றைய திட்டத்தில் நகர்ப்புறப் பூர்வகுடிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அத்திட்டம் முழுமைக்கும் 2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 5 ஆண்டுகளுக்கு 200 கோடி டொலர் அறிவித்தது.

பிரியமானவர்களே, இப்போது அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையிலும் இதே முறைப்பாடு எழுந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களுக்கு இன்னும் சில அப்பங்களை அனுப்பிக் காரியத்தை முடித்துவிடவில்லை. ஏழுபேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பையே அவர்களிடம் கொடுக்கச் செய்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். மனக்குறையோடு நின்றவர்களின் பக்கத்திலிருந்தே பந்தி விசாரிப்பவர்கள் வந்ததாகத் தோன்றுகிறது. அதன்பின் தேவவசனம் பரவிச் சீஷருடைய தொகை பெருகியதாக லூக்கா எழுதுகிறார்.

சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான். இந்நாட்டில் நமக்கும் வாசல் குறுகலாகவே இருந்தது. ஆனால் படித்ததற்காக நம்மைத் தமிழர் அல்ல என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த நிதியைச் சலுகை என்று நாம் எண்ணலாகாது. பறித்ததில் ஒரு சிறு பங்கு திரும்பிச் செல்கிறது, அவ்வளவே.

மேலங்கி கொடுப்பது எளிது. கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். கொடுத்தவர் என்ற பெருமையும் நம்மோடு வரும். வேலைக்குச் சேர்த்துக்கொண்டால் மறுநாள் காலையிலும் அப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், பெயரை அறிய வேண்டும், பிழை செய்தால் பொறுத்துக் கற்பிக்க வேண்டும், உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். அந்த அம்மையார் நம்மிடம் கேட்டது இதைத்தான்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின், தொழில் நடத்தும் சபையார் சற்று நேரம் தங்கியிருக்கும்படி வேண்டுகிறேன். அம்மையார் வந்து பேசுவார்; நாம் கேட்போம். அச்சகோதரருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆயினும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் திருச்சபைகள் செய்த அநீதியை எங்களுக்கு மன்னியும். கொடுக்கிற கையைத் தந்த நீர், ஒப்படைக்கிற மனதையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.