பிறர் புனிதத்தின் முன்

வத்திக்கான் நூதனசாலைகளில் கூட்டம் சேருமுன், அதிகாலையிலேயே அழைத்துச் செல்லப்படும் சிறு குழுவொன்றில் வாப்பாவுடன் நானும் சென்றேன். சிஸ்டீன் சிற்றாலயத்தினுள் பேசக் கூடாது என்பதால், வழிகாட்டி வெளி முற்றத்திலேயே எல்லாவற்றையும் விளக்கினார். தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்றார். அபாயா அணிந்திருந்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

உள்ளே அண்ணாந்து பார்த்தேன். 1508 முதல் 1512 வரை, சாரத்தில் நின்றபடி, ஈரச் சுண்ணாம்பு காயுமுன் மைக்கல் ஏஞ்சலோ தீட்டியவை அவை. ஆதம் (அலை), நூஹ் (அலை) ஆகியோரும் அங்கே உருவங்களாக இருந்தனர். நபிமார்களை வரைவதை நமது மார்க்கம் ஏற்பதில்லை. மனம் சங்கடப்பட்டது.

வெளியே வந்ததும் வாப்பாவிடம் சொன்னேன். "இது அவர்களுடைய வணக்கத்தலம் மகள். நம்முடைய நம்பிக்கை நம்மிடமே இருக்கிறது" என்றார்.

பார்ப்போரின் மூச்சும் வியர்வையும்கூட அந்த ஓவியங்களைப் பழுதாக்கும். அதனால்தான் 2014இல் காற்றைச் சீராக்கும் புதிய தொகுதியொன்றை அங்கு பொருத்தினார்கள். அந்த ஓவியங்களை என் மனம் ஏற்கவில்லை. ஆனாலும் அவற்றுக்குத் தீங்கு வரக் கூடாதென்றே விரும்பினேன். அங்கே மௌனமாக நின்றதால் என் ஈமான் குறைந்துவிடவில்லை. நமது பள்ளிவாசலைப் பார்க்க வரும் மாற்று மதச் சகோதரர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் இந்தக் கண்ணியத்தைத்தானே?