இடதுசாரியை ஒட்டும் முறை

செய்முறைக் குறிப்பை யாரும் உரைநடை என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு ஆசிரியன் பெயர் கிடையாது, மதிப்புரை வராது, நூலகத்தில் எண் போட்டு அடுக்க மாட்டார்கள். எனக்கோ, சில மாதங்களாக, முழுமையாகப் பரீட்சிக்கப்படும் உரைநடை அது ஒன்றுதான் என்று தோன்றிக்கொண்டிருக்கிறது. சொல் தவறினால் பாகம் பொருந்தாது. வாசகனின் ரசனையை, பயிற்சியை, அரசியலைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது. பசை காய்ந்துவிடும்.

ஈரோட்டில் நாங்கள் ஐந்து பேர் ஸ்கேல் மாடல் செய்கிறோம். வயசானவர்கள் கூடி பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறார்கள் என்று எங்கள் வீடுகளில் சொல்வது சரியான வர்ணனைதான். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள் வரும். சட்டத்தில் காய் காய்த்த மாதிரி பாகங்கள். நறுக்கி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசினால் விமானம். பெரும்பாலும் 72ல் 1 பங்கு. ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான் என்பது இந்தக் கணக்கின் சௌகரியம். டாங்கிகளுக்கு 35ல் 1. இந்த 35க்குப் பின்னால் தத்துவம் ஏதும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி ஜெர்மானிய பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே ஒரு மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிய பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35ல் 1. இன்று உலகம் முழுக்க அதுவே அளவு. இலக்கிய மரபுகளிலும் சில இப்படிப் பாட்டரிக்காக ஏற்பட்டவைதான் என்பார் எங்களில் ஒருவரான கவிஞர்.

மற்றவர்கள்: ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்ப்பவர் ஒருவர், டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர், விசைத்தறி ஃபிட்டராக இருந்து ஓய்ந்த அண்ணன் ஒருவர், நான். வீரப்பன்சத்திரத்தில் ஒரு மாடி அறை. கீழே தறி ஓடும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் ஹாஸ்யமும் உரக்கவே வரும்.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் விமானப்படை மிக்-21க்கு விடைகொடுத்தது. 1963ல் வந்த விமானம், 62 வருஷம். அதைச் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. டிராக்டர் கடைக்காரர் மலிவாகக் கிடைத்ததென்று ஒரே பெட்டியில் இரண்டு வாங்கி வந்தார். கம்பெனியின் பெயர் வேண்டாம். திறந்தால் பிளாஸ்டிக் மட்டும். குறிப்புத் தாள் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கியூஆர் கோடு. கைப்பேசியைக் காட்டினால் குறிப்பு திறந்தது: சீனத்தில், பிறகு சீனத்திலிருந்து ஒரு மாதிரியாகக் கரையேறிய ஆங்கிலத்தில். அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவருக்காகக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பைத் தட்டினோம். தமிழ் வந்தது.

‘பாகம் 14ஐக் கோப்பில் வைக்கவும்.’ அரத்தால் தேய்க்கச் சொல்கிறது என்று புரிவதற்குள் லோகோ ஷெட்காரர், “கோப்புல வெச்சா இந்த ஜென்மத்துல திரும்பி வராதுங்க” என்றுவிட்டார். பசை போடுமுன் பொருத்திப் பார்ப்பது ‘உலர் வலிப்பு’ ஆகியிருந்தது. விமானியின் அறை ‘சேவல் குழி’. இதற்கு அதிகம் சிரித்தோம். அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசுக்குப் போய் சேவற்கட்டு பார்த்த கதைகளெல்லாம் கிளம்பின. ஆனால் காக்பிட் என்ற ஆங்கிலச் சொல்லே சேவற்சண்டைக் குழியிலிருந்து வந்ததுதான். யந்திரம் அறியாமல் வேர் வரை போய்விட்டது. நம் தனித்தமிழ் அன்பர்கள் பலர் இத்தனை ஆழம் போனதில்லை.

உச்சம் இதுதான்: ‘இடதுசாரியைப் பாகம் 22உடன் ஒட்டவும். முழுமையாகக் காயும் வரை வலதுசாரியைத் தொடாதீர்கள்.’

இடப்பக்க இறக்கை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். சோவியத் விமானத்தில் வலதுசாரி எப்படி வந்தது என்றார் கவிஞர். ரெண்டும் ஒரே உடம்பில் ஒட்டினால்தான் பறக்கும், தேர்தல் நேரத்தில் பார்த்ததில்லையா என்றார் கடைக்காரர். அன்று மாலை முழுக்க இதுவே ஓடியது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் இறக்கை இருந்தது. “எடப்பக்க எறக்கைன்னு சொல்ல வந்துருக்குதுங்க தம்பி. சொல்லத் தெரியல” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

தமிழ் யந்திரத்தில் ஏற வேண்டும் என்ற கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல. அச்சுக் கோப்பவனின் சிரமத்தை முன்னிட்டு எழுத்தைக் குறைக்க வேண்டும் என்று ‘குடி அரசு’ இதழில் பெரியார் 1935ல் சீர்திருத்தம் தொடங்கினார். அதில் ஒரு பகுதியை அரசு 1978ல் ஏற்றது. ஏறியாயிற்று. கைப்பேசித் திரையில் ஓர் எழுத்துகூட உடையவில்லை. லையும் ணையும் ஒழுங்காக நிற்கின்றன. உடைந்திருப்பது வேறு.

குறிப்புத் தாளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனி இந்தத் தொழிலுக்குள் வந்ததே ஒரு டிராக்டரால்தான். ஃபெர்குசன் டிராக்டரின் விற்பனையாட்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்காக 1949ல் சின்னதாக ஒன்று செய்து கொடுத்தார்கள். (எங்கள் கடைக்காரர் இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.) அவர்களுடைய ஆரம்பகாலத் தாள்களில் வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணோடு பெயர். இதை எடுத்து அதில் இப்படி ஒட்டு என்று முழு வாக்கியம். அதை வைத்து ஒட்டிய பையனுக்கு விமானத்தின் எலும்புகள் எல்லாம் பெயரோடு தெரிந்திருக்கும். பிறகு ஏற்றுமதி பெருகிற்று; இத்தனை பாஷைகளில் அச்சிடுவது கட்டுப்படியாகாமல் மெல்ல மெல்லப் படம் வந்தது. அம்புக்குறி, எண், பசைத் துளி. ஜப்பானியர்கள் அந்தப் படத்தை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். டாமியாவின் தாளை வைத்துக்கொண்டு எழுத்தறியாதவனும் ஒட்டிவிடலாம். மொழிபெயர்ப்புத் தொல்லை ஒழிந்தது. கூடவே பெயர்களும் ஒழிந்தன. நாங்கள் பாகம் 31 என்றுதான் சொல்வோம். அது என்ன என்று கேட்டால் தெரியாது.

இப்போது தாளே இல்லை. செக் நாட்டு எடுவார்ட் கம்பெனி குறிப்பும் ஸ்டிக்கரும் இல்லாமல் வெறும் சட்டங்களை மட்டும் ‘ஓவர்ட்ரீஸ்’ என்று விற்கிறது; சொல்லிவிட்டு விற்பதால் அதில் பழுது காண ஏதுமில்லை. மற்றவர்கள் காகிதம் மிச்சம், மரம் மிச்சம் என்கிறார்கள். விமானத்தைப்போல நாலு மடங்கு பெரிய அந்த அட்டைப்பெட்டி எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. பசைக் கையோடு திரையைத் தொட வேண்டியிருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் நிற்கும்போது கடன் வேண்டுமா என்று அழைப்பு வருகிறது. தாளில் பென்சிலால் டிக் போடுவோம். திரையில் எங்கே போடுவது?

இதையெல்லாம் சிரித்துக் கழிக்க முடிந்தது, கையில் பிளாஸ்டிக் இருந்ததால். 1982ல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்தது. அந்தப் புத்தகத்தை நான் சொல்லவில்லை. அதைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து வருஷம் நம் பத்திரிகைகளில் வந்து குவிந்த கோட்பாட்டு மொழிபெயர்ப்புகளைச் சொல்கிறேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். அவற்றில் எத்தனை சேவல் குழிகள், எத்தனை உலர் வலிப்புகள் இருந்தன என்று யாருக்குத் தெரியும்? ஒட்டிப் பார்க்க எதிரே ஒரு பாகமும் இல்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை. புரியாததை ஆழம் என்று எடுத்துக்கொண்டு, அதே சொற்களை வைத்து மேற்கொண்டு கட்டுரைகள் எழுதினோம், சண்டை போட்டோம், பிரிந்தோம். அந்தச் சண்டைகளில் சில இன்னும் முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு கியூஆர் கோடு வேறு எங்கோ திறந்தது. ஏதோ விலாசம் விற்பனைக்கு என்று ஒரு பக்கம். கம்பெனி வலைத்தளத்தை மாற்றிக்கொண்டதோ, மூடிவிட்டதோ. இந்த வேலையில் பெட்டியை வாங்கிப் பரணில் போட்டுப் பத்து வருஷம் கழித்துப் பிரிப்பவர்கள்தான் அதிகம். 1960களின் ஏர்ஃபிக்ஸ் தாள் ஒன்று லோகோ ஷெட்காரரிடம் இன்னும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, பசைக் கறையோடு. எங்கள் குறிப்பு மூன்று வாரம் தாங்கவில்லை. முதல் விமானம் பாதிக்கு மேல் ஆகிவிட்டது, மிச்சத்தை அண்ணன் கையாலேயே கண்டுபிடித்து முடித்தார். இரண்டாவது பெட்டி அனாதையாகக் கிடந்தது.

அடுத்த வாரம் அண்ணன் நோட்டிலிருந்து கிழித்த நாலு தாள் கொண்டு வந்தார். பாவுக் கணக்கு எழுதும் நோட்டு. இரண்டு பக்கமும் நீல மையில், எண் போட்டு, 41 வரிகள். சிலவற்றைத் தருகிறேன்.

‘6. இறக்கைக்கு இடம் வலம் உண்டு. சக்கரம் மடங்கும் பள்ளம் கீழ்ப்பக்கம் வரவேண்டும்.’

‘7. பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்க்கவும். மயிரிழை இடைவெளி நிற்கும். அரத்தால் தேய்க்கவும். அமுக்க வேண்டாம்.’

‘12. மூக்கை மூடுமுன் உள்ளே வலைக்காரர் கட்டும் ஈயக் குண்டு 6 போட்டுப் பஞ்சு வைத்து அடைக்கவும். விட்டால் வால் தரையில் உட்காரும்.’

‘13. இங்கே நிறுத்தவும். மறுநாள் வரை தொட வேண்டாம்.’

அண்ணனைப் படிக்காத மேதை என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: இந்தத் தமிழ் வானத்திலிருந்து விழவில்லை. என்.சி.பி.எச்.சின் புத்தக வண்டி ஊர் ஊராக வந்த காலத்தில் சோவியத் புத்தகங்களை வாங்கிப் படித்தவர் அவர். பெரெல்மானின் ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ அவரிடம் அட்டை போன நிலையில் இருக்கிறது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் ருஷ்ய எழுத்தைத் தமிழாக்கும் வேலையை வாழ்க்கையாகவே வைத்துக்கொண்டு செய்தார்கள். அந்த நடையைக் கேலி செய்வது ஒரு காலத்தில் நமக்கு ஃபேஷன். ஆனால் வாசகன் ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன் இதைச் செய்து பார்க்கப் போகிறான் என்ற பிரக்ஞை அந்தப் பௌதிகப் புத்தகத்தில் இருந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு, தறிப்பட்டறையில் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்த பேச்சோடு சேர்த்திருக்கிறார். பேசும்போது கொங்குத் தமிழ். எழுத உட்கார்ந்தால் ‘கவும்’. தடுமாற்றம் இல்லை.

கவிஞருக்குப் பரவசம். 12, 13 இரண்டையும் வரி உடைத்து எழுதிப் பார்த்தார். கவிதை என்றார். ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, அன்று எங்களுக்குள் கொஞ்சம் மனஸ்தாபமே ஆகிவிட்டது. நமக்குப் பிடித்த எதையும் கவிதை என்று கூப்பிட்டுவிடுவது ஒருவகை அபகரிப்பு. ‘இங்கே நிறுத்தவும்’ என்பதைக் கவிதையில் படித்தால் நாம் நிறுத்த மாட்டோம். அதைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்போம், மரணம் வரை போவோம். அண்ணனின் தாளில் படித்தால் கையை எடுக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு காரியங்கள். நமது விமர்சனம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சொல்லில் பல அர்த்தங்கள் திறப்பதைக் கொண்டாடி வந்திருக்கிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரே அர்த்தத்தோடு நிற்கும் வாக்கியத்தை எழுதுவது அதைவிடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டோமே, அது எப்படி நேர்ந்தது? முயன்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கவிஞர் அண்ணனிடமே கேட்டார். “கவிதைன்னா சரிங்க. ஆனா அந்தப் புஸ்தகம் வாங்கறவங்ககிட்ட இந்தப் பெட்டி இருக்குமுங்களா?” என்றார் அண்ணன். விஷயம் அதோடு நின்றது.

இரண்டாவது பெட்டியை லோகோ ஷெட்காரரின் மகன் எடுத்துக்கொண்டான். இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். அண்ணனின் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் உதவக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். 22 வரை ஓடிற்று. 23ல் நின்றுவிட்டான். ‘அச்சை நிமிர்த்தி இருக்கைக்குப் பின்னால் ஒட்டவும்’ என்று இருந்தது. அவன் சக்கரத்தின் அச்சைத் தேடினான். சட்டங்களைப் புரட்டினான். இருக்கைக்குப் பின்னால் சக்கரம் எதற்கு என்று முனகுவது கேட்டது. அரை மணி நேரம்.

தறியில் அச்சு என்றால் பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற சாதனம். இருக்கைக்குப் பின்னால் வரும் தகடும் சீப்பு மாதிரி வரிவரியாக இருந்தது. நாற்பது வருஷம் தறியில் இருந்தவருக்கு அதற்கு வேறு பெயரே தோன்றியிருக்காது.

அண்ணன் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, அச்சுன்னா உங்களுக்கு வண்டி அச்சுங்களா?”

“வேற என்னங்க பெரியப்பா?”

“தறிக்காரனுக்குத்தானுங்க அது அச்சு” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். என் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘சீப்புத் தகடு (சட்டம் 3, எண் 9)’ என்று எழுதினார். பிறகு உட்காராமல் நின்றபடியே மீதி 18 வரிகளையும் வாசித்தார். இன்னும் இரண்டு இடத்தில் அடித்தார். ஒன்று ‘விழுது’. இன்னொன்று எனக்குப் படிக்க முடியவில்லை, அவ்வளவு அழுத்தி அடித்திருந்தார்.

பையன் இப்போது 30ல் இருக்கிறான்.